முந்திக்கொண்ட பெட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குத் தென்வரிசை, வடவரிசை என்று இரண்டு வரிசை உண்டு, நேபாளத்தில் தொடங்கித் துருக்கி வரை ஏழு நாடுகள் வந்து இறங்கியது தென்வரிசையில்தான், வடவரிசையில் குடியிருக்கும் எங்களுக்கு ஒரு குட்டித் தீவு கூடக் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக என் பேச்சில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் தட்டும், அதற்கெல்லாம் நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

தெருவுக்கு ஒரு பக்கம் முட்டுச்சந்து, மறுபக்கம் மெயின் ரோடு. முட்டுச்சந்து வீட்டில் சண்முகவடிவு அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். முப்பது வருஷமாக இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்த பிரேக்கில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, “ஏல, அது ஸ்டீயரிங்கா ஆட்டுரலா, இந்தச் சுத்து சுத்துத?” என்று டாக்டரையும் தாசில்தாரையும் ஒரே தராசில் வைத்துத் திட்டி, ஐகிரவுண்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐகிரவுண்டு என்று உலகத்தைப் பல தடவை சுற்றி வருகிற தூரத்தை இரண்டாவது கியரிலேயே போய்வந்தவள் அவள், ஆனால் அத்தனை தூரத்தையும் ஓட்டியது மற்றவர்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, தான் ஸ்டீயரிங் பிடித்து இந்தப் பக்கம் தாழையூத்தைத் தாண்ட நேரம் வாய்க்கவில்லை.

ஒரு நாள் எவனோ கொடுத்த காலண்டரில் ஒரு பாலத்தைப் பார்த்தாள். இஸ்தான்புல் என்று போட்டிருந்தது. ஆசியாவில் ஏறி ஐரோப்பாவில் இறங்குகிற பாலமாம். அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், காபி குடித்துக்கொண்டிருந்த புருஷனிடம், “இங்க இருந்து கார எடுத்து, இந்தப் பாலத்துல நான் ஓட்டணுங்க” என்றாள். குற்றாலிங்கம் அத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஓட்டிருவோம். மொதல்ல பிளான் போடுவோம்” என்றார். அந்த ஆசை மாட்டிக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

ஏனென்றால் அத்தான் கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், வருகிற விண்ணப்பத்தையெல்லாம் இன்னும் ஒரு நகல் வேண்டும் என்று திருப்பி அனுப்பியே சர்வீஸை ஒப்பேற்றியவர். கார் வாங்கிக் கொட்டகையில் துணி போர்த்தி நிறுத்தினார். சுவரில் ஆசியாவை ஒட்டினார். பர்மா வழியா நேபாளம் வழியா என்று ஒரு வருஷம் யோசித்து நேபாளம் என்று முடிவு செய்தார், பிறகு பர்மா ஏன் கூடாது என்று ஆறு மாதம் யோசித்தார். காருக்கே ஒரு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று தெரிந்த அன்று அவர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தைக் கல்யாண போட்டோவில் கூட நாங்கள் பார்த்ததில்லை. அங்கே பனி உருகும்போது இங்கே ஆடி, இங்கே தை பிறக்கும்போது அங்கே கணவாய் மூடியிருக்கும், ஆக வருஷத்தில் எந்த நாளும் உதவாது என்பதைக் கம்ப்யூட்டரில் கலர் கலராகக் கட்டம் போட்டு நிரூபித்து, அதை அக்காவிடமே காட்டினார்.

அக்கா சங்கரன்கோவில் ஜோசியரிடம் போய் ஒரு நாள் குறித்துக்கொண்டு வந்தாள். தை மாதம், வியாழக்கிழமை, அதை விட்டால் அப்படியொரு நாள் சீக்கிரம் வராதாம். அதற்குள் சீனாக்காரன் அனுமதி வரவில்லை. இப்படி நாளும் விடக்கூடாது, ஆளும் புறப்பட முடியாது என்கிற சிக்கலுக்கு நம் ஆட்கள் பரஸ்தானம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு, ஆள் பிறகு சாவகாசமாகப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். வைத்த பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. ஒரே வீட்டில் பௌர்ணமி தாண்டித் தங்கவும் கூடாது, அடுத்த வீட்டுக்கு நகர்த்த வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அத்தான் நாலு பருவத்துக்கும் துணி, மாத்திரை, ஊறுகாய் எல்லாம் அடுக்கிய பெரிய நீலப் பெட்டியைப் பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மரியபுஷ்பம் ஓய்வுபெற்ற நர்ஸ், எதிலும் சுத்தம் பார்ப்பவள். “இங்க மாதா படம் மாட்டியிருக்கே, உங்க சாமிக் காரியம் பலிக்குமா?” என்று கேட்டாள்.

“சும்மா ஒரு சம்பிரதாயம்தானம்மா” என்றார் அத்தான்.

அதை மரியபுஷ்பத்திடம் சொன்னாரே தவிரப் பெட்டியிடம் யாரும் சொல்லவில்லை. பெட்டி புறப்பட்டுவிட்டது.

மறுநாள் காலையில் மரியபுஷ்பம் வந்து கதவைத் தட்டினாள். “ஏ வடிவு, உன் பெட்டி வந்ததுல இருந்து என் அடுக்களைக்குப் பின்னால ஒரு மலை நிக்கி. வெயிலே விழல. மோர்மொளகாய நான் எங்க கொண்டுபோய்க் காயப் போட?”

“எவ்வளவு உயரம் இருக்கும்?” என்று அத்தான் உள்ளே இருந்து கேட்டார்.

நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே இமயமலை, வெள்ளை வெளேர் என்று, கொடிக்கயிற்றில் கலர் கலராகத் துணி படபடக்க நின்றுகொண்டிருந்தது, அதன் அடிவாரத்தில் குல்லா போட்ட ஒருவர் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தோம், மோர்மிளகாயை எங்கள் வடவரிசை மாடியில் காயப்போட ஏற்பாடு செய்தோம், அவரவர் வேலைக்குப் போனோம். வீட்டுவரிக்காரர் மட்டும் வந்து நிமிர்ந்து பார்த்து, மலைக்குப் பிளான் அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று போய்விட்டார்.

மாசிப் பௌர்ணமிக்கு அக்கா பெட்டியைத் தூக்கி அடுத்த வீட்டில், தெருச் சங்கத் தலைவர் ஆவுடையப்பன் வீட்டில் வைத்தாள். அது சீனா ஆனது. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, போனாலும் கூடவே ஒரு வழிகாட்டி வருவான், தீபாவளிக்கு வராத மருமகன் அதைக் கேள்விப்பட்டு வந்தபோது கக்கூஸ் வாசல் வரை வழிகாட்டி போய்த் திரும்பிக் கூட்டிவந்தான். ஆவுடையப்பன் வீட்டில் எப்போதுமே அப்படித்தான் என்பதால் அது சீனாவானது எங்களுக்குத் தெரியவே ஒரு வாரம் ஆயிற்று. மரியபுஷ்பத்தின் மலையும் போகவில்லை. வந்த நாடு வந்ததுதான், மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போனது.

மூன்றாவது, மாவு விற்கிற பேச்சியம்மாள் வீடு. அங்கே கிர்கிஸ்தான் இறங்கியது. முற்றத்தில் ஒரு ஆள் உயரத்துக்குப் பனி, தென்னைமரத்து மட்டையெல்லாம் வெள்ளை, குதிரைகள் வந்து கீரைப்பாத்தியை மேய்ந்துவிட்டுப் போயின. பேச்சியம்மாள் முதல் நாள் ஒப்பாரி வைத்தாள், குளிரில் மாவு பொங்கவில்லை என்று. மறுநாள் யோசித்து, மாவை அடுப்படியில் பொங்கவிட்டு, பொங்கியதும் கொண்டுபோய்ப் பனிக்குள் புதைத்தாள். அது புளிப்பதே இல்லை. முன்பெல்லாம் சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் கீழே ஊற்ற வேண்டிய மாவு இப்போது தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் பஸ்ஸில் போனது, அவள் மகளை நர்ஸிங் சேர்த்தது அந்தப் பனிதான். அக்கினி நட்சத்திரத்தில் வடவரிசை முழுக்க ஆளுக்கொரு குரங்குக்குல்லாவை மாட்டிக்கொண்டு பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் முற்றத்தில் போய்க் கிடந்தோம்.

அடுத்தது இஸ்மாயில் அண்ணாச்சி வீட்டில் உஸ்பெகிஸ்தான். அண்ணாச்சி ஊரறிந்த பிரியாணி மாஸ்டர், அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் அண்டா வைத்துச் சோற்றில் கேரட்டை அள்ளிப் போட்டதைப் பார்த்து, “கேரட்டப் போட்டா அதுக்குப் பேரு பிரியாணியா வே? மாட்டுக்கா வைக்கீரு?” என்று சண்டைக்குப் போய், அவர்கள் பாஷையும் புரியாமல், ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார், அவர் மனைவி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்த அன்று தானும் ஒரு தட்டை நீட்டினார். ஐந்தாவது வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், பூட்டிய வீடு, அக்கா கேட்டில் தந்த பெட்டியை நாங்கள் சுவர் தாண்டி இறக்கினோம், துர்க்மெனிஸ்தான் பாலைவனம் முழுவதும் அதற்குள் வந்து இறங்கிக் கேட்டுக்கு அடியில் மணலாக ஒழுகியது, கொத்தனார் அள்ளிப் பார்த்து பூச்சு வேலைக்கு ஆகாது என்றார். ஆறாவது கோமதிநாயகம் வீட்டில் ஈரான். காபி குடிக்காமல் யாரையும் விடாத குடும்பம் அது, வந்தவர்களோ நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று ஒதுங்குகிற ஜாதி, இரண்டு மரியாதையும் வாசலில் மோதிக்கொண்டு காலை முதல் மத்தியானம் வரை ஒருத்தரும் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

இதிலெல்லாம் அதிகம் செழித்தது குற்றாலிங்கம் அத்தான்தான். பால்காரர் ஒரே நடையில் நாலு நாட்டுக்குப் பால் ஊற்ற எந்த வரிசையில் போவது, கிர்கிஸ்தானுக்கு ஸ்வெட்டர் போட்டுப் போனவன் துர்க்மெனிஸ்தானில் எங்கே கழற்றி வைப்பது என்றெல்லாம் கேட்டுத் தெருவே அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டியது. அத்தானும் ஆசியா முன்னால் குச்சியோடு நின்று, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிளான் போட்டுக் கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

அக்கா மட்டும் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. மாதாமாதம் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கேட்டில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவாள். பேச்சியம்மாள் ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்தாள். “உள்ள வந்து பனியைத் தொட்டுத்தான் பாருங்களேன்க்கா.”

“நான் கார்ல வரும்போது பாத்துக்கிடுதேன்” என்றாள் அக்கா.

ஆடிப் பௌர்ணமிக்குப் பெட்டி கடைசி வீட்டுக்கு, மெயின் ரோட்டு முனையில் இருக்கும் தங்கராசு வீட்டுக்குப் போனது. அவன் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாளையங்கால்வாய் ஓடிய இடத்தில் கடலும் கப்பலும் வந்தன, கடலுக்கு மேலே அந்தப் பாலம் வந்தது. அதே வாரம் சென்னையிலிருந்து விசா ஏஜென்ட் அக்காவுக்குப் போன் செய்தார்.

“மேடம், எல்லா அனுமதியும் ரெடின்னு வைகாசியிலேயே சார்கிட்ட சொன்னேனே, பாஸ்போர்ட்டெல்லாம் கூட அனுப்பிட்டேனே. இந்த மாசக் கடைசிக்குள்ள மொத பார்டரைத் தாண்டலைன்னா எல்லாம் காலாவதி. மறுபடி முதல்ல இருந்துதான்.”

அக்கா போனை வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தாள். “வைகாசியிலேயே வந்துட்டாமே.”

“சொல்லத்தான் இருந்தேன் வடிவு. ஆடி போகட்டும்னு பாத்தேன். ஆவணியில ஒரு நல்ல நாள்…”

ஊரையே கத்தி விரட்டுகிறவள் அன்று கத்தவில்லை. “நாளைக்குக் காலையில கெளம்புதேன். நீங்க வாரீகளா இல்லையான்னு நீங்க முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

சேதி பரவியதும் ஆவுடையப்பன் ஜோசியருக்குப் போன் போட்டார். ஆள் புறப்பட்டு வண்டி ஒவ்வொரு வீடாகத் தாண்டிவிட்டால் பரஸ்தானம் முடிந்தது, அந்தந்த வீடு பழைய வீடாகிவிடும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். உடனே சங்கக் கூட்டம் கூடியது, பெட்டி தெருவின் பொதுச்சொத்து என்று தீர்மானம் நிறைவேறியது, வடவரிசையான நாங்களும் கை தூக்கினோம், சொந்தமாக நாடு இல்லாவிட்டாலும் ஓசியில் பனி இருந்ததே. தீர்மானத்தோடு அக்காவைக் கையோடு அழைத்துக்கொண்டு தங்கராசு வீட்டுப் பின்கட்டுக்குப் போனோம். நல்ல நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்கார வைத்தோம். எதிரே பாலம் நீண்டு கிடந்தது. காலண்டரில் இருந்ததைவிடப் பெரிது, அதில் கார்கள் விடாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

“கண்ணு நெறையப் பாத்துக்கம்மா” என்றார் ஆவுடையப்பன். “தெனமும் வா. காபி தங்கராசு தருவான். இதுக்குப் போயி எத்தனையோ ஆயிரம் மைல் எதுக்கு?”

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “பாக்கணும்னு யாரு அண்ணாச்சி சொன்னா? ஓட்டணும்னுல்லா சொன்னேன்” என்றாள்.

ஆவுடையப்பன் சளைக்கவில்லை. “அவ்வளவுதானே? தங்கராசு சுவர இடிச்சிருவோம். கார அப்படியே உள்ள எறக்கிப் பாலத்துல ஏத்து. அஞ்சு நிமிசத்துல ஓட்டிட்டு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம்.”

தங்கராசு தன் சுவரைத் தடவிக்கொண்டான். எங்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்காவுக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது, அது முகத்தில் தெரிந்தது. காலை இலேசாக முன்னால் ஊன்றினாள், ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி.

“அப்ப நடுவுல இருக்க ரோட்டையெல்லாம் யாரு ஓட்டுவா?” என்று கேட்டாள். “இத்தனை வருசமா ஒருத்தனுக்கும் நான் ரோடே சொல்லிக்குடுக்கல அண்ணாச்சி, ஐகிரவுண்டச் சுத்தத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன். என் பக்கத்துல உக்காந்து யாரும் பிரேக்கு போடாம ஒரே ஒரு தடவ, போய்க்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்.”

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என் மாவு புளிச்சிரும்க்கா” என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, போதாக்குறைக்கு எமகண்டம், அக்கா கொட்டகையைத் திறந்து காரின் மேல் கிடந்த துணியை உருவி, பாஸ்போர்ட் கட்டை உள்ளே போட்டாள். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் கூட இல்லை. இத்தனை வருஷமாக நின்றதில் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஸ்கூல் காரில் இருந்து கழற்றி மாட்டலாம்தான், அதை ஒருவன் லைசென்ஸுக்கு எட்டுப் போட எடுத்துக்கொண்டு போயிருந்தான். தெரு முழுக்க வாசலில் நின்று கைகட்டி வேடிக்கை பார்த்தோம், கடவுள் எங்கள் பக்கம் என்று ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னார். அத்தான் மேலே துண்டு மட்டும் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா யாரையும் கூப்பிடவில்லை. கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, தோளைக் கதவோரத்தில் கொடுத்துத் தள்ளினாள். கார் ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுபடி தள்ளினாள், இன்னொரு முழம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது தடவை தள்ளும்போது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, அதை யாராலும் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

முதலில் இறங்கியது பேச்சியம்மாள். மாவுக் கையோடு வந்து டிக்கியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தாள். “நீங்க போய் உள்ள உக்காருங்கக்கா” என்றாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, “எல்லாரும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? என் ஒருத்தியால ஆவுமா?” என்று கத்தினாள்.

இஸ்மாயில் அண்ணாச்சி வந்தார். மரியபுஷ்பம் வந்தாள். நாங்கள் வடவரிசை மொத்தமும் போனோம், இழக்க எங்களுக்கு நாடு இல்லாததால் சுலபம் என்று நினைக்காதீர்கள், எங்களுக்கும் வலித்தது. கடைசியில் ஆவுடையப்பன் வழிகாட்டியோடு வந்து, அவனையும் தள்ளச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் ஒரு துண்டு உரசியது, பார்த்தால் அத்தான், குனிந்த தலை நிமிராமல் தள்ளிக்கொண்டிருந்தார்.

கார் நகர்ந்தது. மரியபுஷ்பம் வீட்டைத் தாண்டும்போது மலை போய் அடுக்களையில் வெயில் விழுந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சீனாவைத் தாண்டும்போது ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவன் இல்லாமல் போனான். பேச்சியம்மாள் வீடு வந்தது. தென்னைமரத்திலிருந்து பனி சொத்தென்று விழுந்து, விழுந்த இடத்தில் ஈரம் கூட இல்லாமல் ஆயிற்று. அவள் அழுதுகொண்டே தள்ளினாள். அண்டாக்கள் போயின, மணல் போயிற்று, கோமதிநாயகம் வாசலில் இன்னும் நீங்கள் முதலில் என்று குனிந்திருந்த பெரியவர் குனிந்தபடியே போனார். கடைசி வீட்டில் தங்கராசு பெட்டியைத் தலைமேல் தூக்கி வந்து ஓடுகிற காரின் பின்சீட்டில் எறிந்தான், அவன் முதுகுக்குப் பின்னால் பாலம் மறைந்து பழைய கால்வாய் நாறியது. அக்கா இரண்டாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையை எங்கள் எல்லார் முகத்திலும் அடித்து, உயிர் பெற்றது.

என்ஜின் பிடித்துக்கொண்டால் தள்ளுகிறவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். நாங்கள் எடுத்துவிட்டோம். அத்தான் எடுக்கவில்லை. சட்டை இல்லாமல், துண்டு நழுவி விழ, ஒரு பிளானும் இல்லாமல் காரைப் பிடித்துக்கொண்டே ஓடினார். அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை, நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் எட்டி இடதுபக்கக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்கு வடிவு” என்று ஓடிக்கொண்டே கத்தினார். தெருவே கேட்டது.

“எனக்கும்தான். ஏறுங்க.”

ஏறினார். கதவைச் சாத்த மறந்துபோய் அது ஆடிக்கொண்டே போனது, மெயின் ரோட்டில் வடக்கே திரும்பும்போதுதான் ஒரு கை வந்து அதை இழுத்துச் சாத்தியது.